தூங்கியவர் எங்கே போயிருந்தார்?

காசியை ஆண்ட அஜாதசத்ரு என்ற அரசனிடம் பாலாகி என்றொரு வித்வான் வருகிறார். நிறையப் படித்தவர், படித்ததில் பெருமையும் உள்ளவர். பிரம்மம் எது என்று உனக்குச் சொல்லித் தருகிறேன் என்கிறார். அந்த ஒரு வார்த்தைக்கே அரசன் ஆயிரம் பசுக்களைத் தரத் தயாராகிறான். சூரியனுக்குள் இருப்பவனே பிரம்மம் என்று பாலாகி தொடங்குகிறார். பிறகு சந்திரன், மின்னல், ஆகாயம், காற்று, நெருப்பு, நீர், கண்ணாடியில் தெரியும் உருவம், நிழல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், இது முழு விடை ஆகாது என்று ஒவ்வொன்றையும் அரசன் ஒதுக்குகிறான். சொல்வதற்கு மேலே எதுவும் இல்லாமல் பாலாகி தலைகுனிந்து நிற்கிறார். அரசனையே குருவாக ஏற்றுக்கொள்கிறார்.

அஜாதசத்ரு அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, ஓரிடத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம் போகிறான். பெரிய பெரிய பெயர்களைச் சொல்லிக் கூப்பிடுகிறான். ஆள் அசையவில்லை. கையால் தட்டி உலுக்குகிறான். எழுந்துவிடுகிறார். இப்போது அரசன் பாலாகியைக் கேட்கிறான்: தூங்கிக்கொண்டிருந்தபோது இந்த அறிவுள்ள மனிதர் எங்கே இருந்தார்? இப்போது எங்கிருந்து திரும்பி வந்தார்? பாலாகிக்குப் பதில் தெரியவில்லை.

பிருகதாரண்யக உபநிடதத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் கதை இது. வானத்திலும் மின்னலிலும் தேடிக்கொண்டிருந்தவரைத் தரையில் படுத்திருந்த ஒருவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்திய அந்த அரசன்தான், என்னைப் பொறுத்தவரை, வேதாந்தத்தின் மிகச் சிறந்த ஆசிரியன். நம் வீடுகளில் யாராவது வாழ்க்கை வெறுத்துப் பேசினால் வேதாந்தம் பேசாதே என்று அடக்குகிறோம். ஓய்வு பெற்ற பிறகு, உடம்பு தளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைக்கிறோம். ஆனால் அந்தத் தத்துவத்தின் மூலநூல் எடுத்துக்கொள்ளும் சான்று, பால்குடிக் குழந்தைக்கும் இரவுப்பணி முடித்துவிட்டு வரும் செவிலியருக்கும் ஒரேபோல் கிடைக்கும் அனுபவம். நாம் விழித்திருக்கிறோம், கனவு காண்கிறோம், கனவில்லாமல் தூங்குகிறோம். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் வாழ்க்கையில் மிச்சம் என்று எதுவுமில்லை. எதையும் முன்கூட்டியே நம்பாமல், இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு வேதாந்தத்தின் மையக் கருத்துவரை போக முடியும்.

நூல்களைப் பற்றிச் சுருக்கமாக: உபநிடதங்கள், பிரம்ம சூத்திரம், பகவத் கீதை என்ற மூன்றும் வேதாந்தத்துக்கு அடிப்படை. இவற்றுக்குப் பொருள்கொண்ட விதத்தில்தான் சங்கரரின் அத்வைதம், இராமானுசரின் விசிஷ்டாத்வைதம், மத்வரின் துவைதம் என்று வழிகள் பிரிந்தன. விழிப்பு, கனவு, தூக்கம் என்ற மூன்று நிலைகளுக்கென்றே இருப்பது மாண்டூக்ய உபநிடதம். மொத்தம் 12 மந்திரங்கள்தான். விடுதலை வேண்டுபவருக்கு இது ஒன்றே போதும் என்று 108 உபநிடதங்களைப் பட்டியலிடும் முக்திகா உபநிடதம் சொல்கிறது. இந்த 12 மந்திரங்களையும் விளக்கி கௌடபாதர் 215 காரிகைகள் எழுதினார். அவருடைய சீடரின் சீடர் சங்கரர் என்பது மரபு.

முதலில் விழிப்பு. காலையில் அலாரம் அடிக்கிறது. கண் திறந்த சில நொடிகளுக்குள் இன்று என்ன கிழமை, எத்தனை மணிக்குப் பேருந்து, யாருக்குப் பணம் தர வேண்டும், மகளுக்கு என்ன டிபன் கட்ட வேண்டும் என்று எல்லாம் வந்து சேர்ந்துவிடுகின்றன. வீட்டில் அம்மா, அலுவலகத்தில் மேடம், மாமியாருக்கு மருமகள், கடைக்காரருக்கு வாடிக்கையாளர் என்று ஒரே ஆள் நாள் முழுவதும் மாறி மாறி நிற்கிறார். இதில் எதுவும் தவறில்லை. இந்த நிலையில் நம் கவனம் முழுக்க வெளியே ஓடுகிறது என்பதை மட்டும் மாண்டூக்யம் குறித்துக்கொள்கிறது. வெளியே பார்ப்பவர் யார் என்ற கேள்வி எழுவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

இரண்டாவது கனவு. படிப்பை முடித்து இருபது வருடம் ஆன ஒருவர் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை எழுதுகிறார். வினாத்தாள் கையில் இருக்கிறது, ஒரு கணக்கும் புரியவில்லை, பேனாவில் மை இல்லை, மணி அடிக்கப் போகிறது. திடுக்கிட்டு எழுகிறார். அப்பாடா, கனவு. ஆனால் நெற்றியில் இருக்கும் வியர்வை கனவல்ல. இதயம் படபடப்பதும் நிஜம். பரீட்சைக் கூடம், மேற்பார்வையாளர், வினாத்தாள், பயந்துபோன மாணவர் எல்லாமே ஒரே மனம் எடுத்துக்கொண்ட வடிவங்கள். அங்கே தேர்கள் இல்லை, குதிரைகள் இல்லை, சாலைகள் இல்லை, ஆனாலும் கனவு காண்பவர் அவற்றையெல்லாம் தானே உண்டாக்கிக்கொள்கிறார் என்று அதே பிருகதாரண்யகத்தில் முனிவர் யாக்ஞவல்கியர் அரசர் ஜனகருக்கு விளக்குகிறார்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கனவில் அந்த மாணவர்தான் நான் என்று நீங்கள் கொஞ்சமும் சந்தேகமில்லாமல் நம்பினீர்கள். கட்டிலில் படுத்திருக்கும் உடம்பு உங்கள் நினைவிலேயே இல்லை. அந்த உடம்புதான் நான் என்ற நம்பிக்கை விழித்ததும் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. ஆக, இந்த உடம்பு, இந்தப் பெயர், இந்த வயது என்பவை என்னோடு எப்போதும் பிரியாமல் இருப்பவை அல்ல. ஒரு நிலையில் வந்து இன்னொரு நிலையில் போகிறவை. வந்து போகிற எதையும் நான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம் என்பதே வேதாந்தம் வைக்கும் முதல் வேண்டுகோள்.

மூன்றாவதுதான் ஆழ்ந்த தூக்கம். விஷயம் இங்கேதான் கனமாகிறது. காலையில் எழுந்து, நேற்று நல்லாத் தூங்கினேன், ஒண்ணுமே தெரியலை என்று சாதாரணமாகச் சொல்கிறோம். இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு இந்தியத் தத்துவவாதிகள் பல நூற்றாண்டுகள் வாதாடியிருக்கிறார்கள். அதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. சுகமாக இருந்தது என்பது ஒன்று. எதுவும் தெரியவில்லை என்பது இன்னொன்று. எதுவுமே தெரியாத இடத்தில் சுகமாக இருந்தது மட்டும் எப்படித் தெரிந்தது? எதுவும் தெரியவில்லை என்பதுதான் யாருக்குத் தெரிந்தது?

அத்வைதிகளின் வாதம் இது. நினைவு என்று ஒன்று வர வேண்டுமானால் அதற்கு முன் அனுபவம் இருந்திருக்க வேண்டும். மதுரைக்கே போகாதவருக்கு மதுரை ஞாபகம் வராது. தூங்கிய சுகம் நினைவில் இருக்கிறது என்றால் அதை அனுபவித்த அறிவு தூக்கத்தில் அணையாமல் இருந்திருக்கிறது. மனம் அடங்கியிருந்ததால் அது எந்தப் பொருளையும் காட்டவில்லை, அவ்வளவுதான். இருட்டறையில் எதுவும் தெரியவில்லை என்று சொல்லவும் ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டு உள்ளே இருந்தாக வேண்டும் அல்லவா?

நியாய மரபினர் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆழ்ந்த தூக்கத்தில் மனம் புலன்களிலிருந்து விலகிவிடுகிறது, அப்போது அறிவு என்பதே தோன்றுவதில்லை என்பது அவர்கள் கட்சி. காலையில் உடம்பு லேசாக இருக்கிறது, களைப்பு தீர்ந்திருக்கிறது. அதை வைத்து நன்றாகத் தூங்கியிருப்போம் என்று ஊகிக்கிறோமே தவிர, நினைவுகூரவில்லை. சுகம் என்று நாம் சொல்வதும் வலி இல்லாமல் இருந்ததைத்தான். இது வலுவான எதிர்வாதம். ஆனால் கண் விழித்ததும் உடம்பைச் சோதித்துப் பார்த்து, காரணம் தேடி, முடிவுக்கு வந்து அதன்பிறகா நன்றாகத் தூங்கினேன் என்கிறோம்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாளைக் காலை எழுந்ததும் நீங்களே கவனித்துப் பாருங்கள். இதில் உங்கள் சாட்சியமும் எந்த ஆசாரியரின் சாட்சியத்துக்கும் குறைந்ததல்ல.

இராமானுசர் இதே இடத்தில் வேறொரு வழியில் போகிறார். தூக்கத்தில் எஞ்சுவது யாருடையதும் அல்லாத வெறும் அறிவு என்று அத்வைதம் சொல்வதை அவர் ஏற்கவில்லை. நான் என்பதே அங்கேயும் ஒளிவிடுகிறது, மங்கலாக, என்கிறார். என்னையே எனக்குத் தெரியவில்லை என்றுகூடச் சிலர் சொல்கிறார்களே என்று கேட்டால், சாதி முதலிய அடையாளங்களோடு விழிப்பில் இருந்த அந்த நான்தான் தெரியவில்லை. அடையாளங்களுக்கு உள்ளே இருக்கும் நான் இல்லாமல் போகவில்லை என்று ஸ்ரீபாஷ்யத்தில் பதில் சொல்கிறார். மத்வருக்கோ தூங்கும் உயிர் இறைவனிடம் ஒடுங்கி ஓய்வெடுக்கிறது. அப்போதும் அது இறைவன் ஆகிவிடுவதில்லை, வேறாகவே இருக்கிறது. மூவரும் எங்கெங்கோ பிரிகிறார்கள். ஆனால் தூக்கத்தில் நாம் இல்லாமல் போய்விடுகிறோம் என்று மூவரில் ஒருவரும் சொல்லவில்லை.

அறிவியலும் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளெயிட்மனும் தூக்கத்தினிடையே கண்கள் வேகமாக அசையும் கட்டங்களைக் கண்டறிந்தார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் கனவு கண்டதாகச் சொன்னார்கள். சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை இந்தச் சுழற்சி திரும்புகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் மூளை அணைந்து கிடப்பதில்லை. மெதுவான பெரிய அலைகளாக இயங்கிக்கொண்டே இருக்கிறது. இன்றைய தூக்க ஆய்வகங்களில் ஆட்களை நடுத்தூக்கத்தில் எழுப்பி, இதற்குச் சற்றுமுன் உங்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்கிறார்கள். சிலர் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். சிலர் ஏதோ இருந்தது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்கிறார்கள். வேதாந்தத்தை ஆய்வகம் நிரூபித்துவிட்டது என்று இதை வைத்துப் பேசுவது சரியல்ல. மூளை என்ன செய்கிறது என்பது அங்கே கேள்வி. அறிபவர் யார் என்பது இங்கே கேள்வி.

யாக்ஞவல்கியர் தூக்கத்தைப் பற்றிச் சொல்லும் ஒரு பகுதியை நான் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு. அந்த நிலையில் தந்தை தந்தையாக இருப்பதில்லை, தாய் தாயாக இருப்பதில்லை, திருடன் திருடனாக இருப்பதில்லை என்று போகிறது அந்தப் பேச்சு. அங்கே நிற்காமல் மேலும் போய், சண்டாளர் சண்டாளராக இருப்பதில்லை என்றும் துறவி துறவியாக இருப்பதில்லை என்றும் சொல்கிறது. எவ்வளவு பெரிய பேச்சு அது! சமூகம் ஒருவர் நெற்றியில் ஒட்டிய சீட்டு எதுவானாலும், மேலானதோ கீழானதோ, ஒவ்வோர் இரவும் உரிந்து விழுந்துவிடுகிறது. தூங்குகிற கலெக்டருக்கும் அவர் அலுவலகக் காவலாளிக்கும் இடையில் ஒரு வேறுபாட்டையும் யாராலும் காட்ட முடியாது.

இதைப் பாடம் பண்ணி ஒப்பித்தவர்களே பகலில் தீண்டாமையைக் கடைப்பிடித்தார்கள் என்பதையும் சொல்லாமல் போகக் கூடாது. சங்கரரே பிரம்ம சூத்திர உரையில் சூத்திரர்களுக்கு வேதம் பயிலும் உரிமை இல்லை என்று எழுதியிருக்கிறார். எல்லா உயிரும் ஒன்று என்று நிறுவிய அதே கை எழுதியது அது. அந்த முரணைப் பூசி மெழுகுவது வேதாந்தத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதை எதிர்கொண்டு விடைசொன்னவர் நாராயண குரு. திருவனந்தபுரம் அருகே செம்பழந்தியில் 1856-இல், கோயிலுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்ட ஈழவர் குலத்தில் பிறந்தவர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மருத்துவாழ்மலையில் தவம் இருந்தார். 1888-இல் அருவிப்புறத்தில், பிராமணர்களுக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்ட காரியத்தை, சிவலிங்கப் பிரதிஷ்டையை, தம் கையாலேயே செய்தார். அவர் அத்வைதி, மலையாளத்தோடு தமிழிலும் எழுதியவர். ஆத்மா ஒன்றுதான் என்றால் மனித சாதியும் ஒன்றுதான் என்று நேராக முடிவுக்கு வந்தார். வேதாந்தத்தை அன்றாட வாழ்க்கையில் வைத்துப் பார்த்தவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் முதலில் காட்டுவது இவரைத்தான்.

இனி, துக்கம். வீட்டில் ஒரு சாவு நடந்த அடுத்த சில நாட்களில் பலருக்கும் நேர்வது இது. அழுது களைத்து விடியற்காலையில் கொஞ்சம் கண்ணயர்கிறார்கள். விழிப்பு வருகிறது. ஒரே ஒரு கணம் எதுவும் இல்லை. அறை தெரிகிறது, வெளிச்சம் தெரிகிறது, தான் இருப்பது தெரிகிறது. அதற்கு அடுத்த கணம் ஞாபகம் வந்து மார்பில் அடிக்கிறது. அவர் இல்லை. அந்த இரண்டாவது கணத்தின் கொடுமை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். வேதாந்தம் நம்மைப் பார்க்கச் சொல்வது முதல் கணத்தை. அங்கே இருந்தவர் யார்? துக்கம் வருவதற்கு முன்னால் அவர் இருந்தார். துக்கம் வந்ததும் அவருக்குத்தான் தெரிந்தது. துக்கம் அவருக்கு நேர்ந்ததே தவிர, அவரே துக்கம் ஆகிவிடவில்லை.

இதை அழுதுகொண்டிருப்பவரிடம் போய்ச் சொல்லக் கூடாது. இழவு வீட்டில் எல்லாம் மாயை என்று பேசுபவரின் பேச்சில் வேதாந்தமும் இல்லை, இரக்கமும் இல்லை. கைம்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டு அம்மா செய்வதே அந்த நேரத்துக்கு ஏற்ற காரியம். வேதாந்த விசாரணை ஒருவர் தனக்குத்தானே, தன் நேரத்தில், செய்துகொள்ள வேண்டியது. பிறர் வலியைத் தள்ளுபடி செய்ய அதை எடுப்பவர் அந்த விசாரணையின் முதல் படியில்கூட ஏறவில்லை.

சின்ன விஷயங்களில் பழகிப் பார்க்கலாம். கண் மங்கலாகத் தெரிகிறது என்று டாக்டரிடம் சொல்கிறோம். கண்ணின் குறையைக் கண் அறியவில்லை, மனம் அறிந்தது. இன்று மனசே சரியில்லை என்று தோழியிடம் சொல்கிறோம். மனம் சரியில்லை என்பதை அறிந்தது எது? அதுவும் மனமேதான் என்றால், கலங்கிய மனம் தன் கலக்கத்தை இவ்வளவு தெளிவாக எப்படிக் காட்டிக்கொடுத்தது? அப்படி அறியும் ஒன்றைத்தான் அத்வைத நூல்கள் சாட்சி என்கின்றன. வாகன நெரிசலில் பின்னால் இருப்பவர் விடாமல் ஹாரன் அடிக்கும்போது உங்களுக்குக் கோபம் ஏறுகிறது. கோபப்படக் கூடாது என்று அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கோபம் வருவது தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால், தெரிந்துகொண்ட அந்த இடத்தில் கோபம் இல்லை. அரை நொடி நேரம்தான் அந்த இடைவெளி கிடைக்கும். கத்துவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவுசெய்ய அந்த அரை நொடி போதும்.

உலகமே பொய் என்றுதானே வேதாந்தம் சொல்கிறது, அப்புறம் வீட்டுக் கடன் தவணையை யார் கட்டுவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கௌடபாதர் விழிப்பையும் கனவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் கனவில் பல நாள் பட்டினி கிடந்தவர்போலத் தவிக்கிறார். விழிப்பின் சோறு கனவின் பசிக்கு உதவுவதில்லை, கனவின் விருந்து விழிப்பின் பசிக்கு உதவுவதில்லை. அந்தந்த நிலைக்குள் அதது பயன்படுகிறது. ஆனால் உலகம் வெறும் மனத்தோற்றமே என்று வாதாடிய பௌத்தர்களுக்குப் பதில் சொல்லும்போது, விழிப்பு கனவைப் போன்றது அல்ல என்று சங்கரர் வெளிப்படையாக எழுதுகிறார். கனவு விழித்ததும் பொய்த்துப்போகிறது. விழிப்புலகம் நாளையும் இருக்கும், எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். பிரம்ம ஞானம் வரும்வரை உலக நடப்பு அதற்குரிய உண்மையோடு நிற்கிறது என்பதே அத்வைதத்தின் நிலை.

பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சூத்திரம் இதைவிட நேராக விஷயத்துக்கு வருகிறது. தூங்கியவரேதான் எழுகிறாரா, இல்லை வேறு யாராவதா என்பது அங்கே கேள்வி. அவரேதான் என்பதற்குக் காட்டும் காரணங்களில் முதலாவது, பாதியில் விட்ட வேலையை மறுநாள் அவரே தொடர்ந்து முடிக்கிறார் என்பது. இரண்டாவது, அவருக்கு நேற்றைய நினைவு இருக்கிறது. நேற்று அரை முழம் தொடுத்து வைத்துவிட்டுப் படுத்த பூக்காரம்மா காலையில் அதே சரத்தை எடுத்துத் தொடுக்கிறார். கடன் வாங்கியவர் தூங்கி எழுந்தாலும் கடன்காரர்தான். அடையாளங்கள் நம் இயல்பு அல்ல என்று சொன்ன அதே தத்துவம், விழித்ததும் கடமை காத்துக்கொண்டிருக்கிறது என்பதை ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்கிறது. அஜாதசத்ருவும் ஜனகரும் நாட்டை ஆண்டுகொண்டே இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள்.

நம் காலத்துக்கு அருகில் வந்தால், 1902-ஆம் ஆண்டு வாக்கில் தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தின் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை திருவண்ணாமலையில் விருபாட்ச குகைக்கு ஏறிப் போகிறார். அங்கே இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ரமணர் பேசாமல் இருந்த காலம் அது. பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டினார். அந்தக் கேள்வி பதில்தான் பிறகு 'நான் யார்?' என்ற சிறு நூல் ஆனது. உரைநடையாக அமைந்த வடிவத்தில் அந்நூலின் தொடக்கமே தூக்கத்தைத் தொட்டுத்தான் நிற்கிறது. எல்லா உயிரும் துன்பமில்லாத இன்பத்தை விரும்புகிறது. மனம் அடங்கிய தூக்கத்தில் அதை நாள்தோறும் அனுபவிக்கவும் செய்கிறது. ஆகவே அது நம் இயல்பாகவே இருக்க வேண்டும், அதை அடையத் தன்னை அறிய வேண்டும் என்று வாதம் போகிறது. பிற்காலத்தில் குடும்பக் கஷ்டம், தொழில் நஷ்டம் என்று வந்தவர்களிடமும் ரமணர் அடிக்கடி கேட்ட கேள்வி, தூங்கும்போது இந்தக் கஷ்டம் இருந்ததா என்பதே. நீங்கள் அப்போது இருந்தீர்கள், கஷ்டம் இல்லை. அப்படியானால் அது எதோடு சேர்ந்து எழுகிறது என்று பாருங்கள் என்பார்.

இவ்வளவு நேரம் படித்தவருக்கு ஒரு சந்தேகம் எழுந்திருக்க வேண்டும். தூக்கமே இவ்வளவு உயர்ந்தது என்றால் நன்றாகத் தூங்குகிறவர் எல்லாம் ஞானியா? இந்தச் சந்தேகத்தை முதலில் கேட்டவன் இந்திரன். சாந்தோக்ய உபநிடதத்தின் எட்டாம் அத்தியாயத்தில் அவனும் அசுரர் தலைவன் விரோசனனும் ஆத்மாவை அறியப் பிரஜாபதியிடம் போகிறார்கள். 32 ஆண்டுகள் தங்கியபின் முதல் பாடம் கிடைக்கிறது. நீரில் தெரியும் தன் உருவத்தைப் பார்த்த விரோசனன், இந்த உடம்பே ஆத்மா என்று திருப்தியோடு வீடு திரும்புகிறான். இந்திரன் பாதி வழியில் நிற்கிறான். உடம்பு அலங்காரம் பண்ணினால் ஆத்மாவும் அழகாகும். உடம்பு முடமானால் ஆத்மாவும் முடமாகும். இதில் எனக்கு ஒரு நன்மையும் தெரியவில்லை. திரும்பிப் போய் மேலும் 32 ஆண்டுகள் இருக்கிறான். கனவில் உலவுபவனே ஆத்மா என்று பாடம். கனவிலும் அடி விழுகிறதே, அழுகிறானே என்று மறுபடி வருகிறான். இன்னொரு 32 ஆண்டுகள். ஆழ்ந்து தூங்குபவனே ஆத்மா என்கிறார் பிரஜாபதி. அதற்கும் இந்திரன் ஒப்பவில்லை. தூங்குகிறவனுக்குத் தன்னையும் தெரியவில்லை, பிறரையும் தெரியவில்லை, அழிந்து போனதற்குச் சமம், இதுவும் வேண்டாம். பிரஜாபதி மகிழ்ந்து, இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கச் சொல்லி, உடம்போடு ஒட்டாத ஆத்மாவைப் போதிக்கிறார். மொத்தம் 101 ஆண்டுகள். அரைகுறைப் பதிலோடு வீட்டுக்குப் போய்ச் சேர மறுத்தவனுக்குத்தான் முழுப்பதில் கிடைத்தது.

அதே அத்தியாயத்தில் ஓர் உவமை இருக்கிறது. வயலுக்கு அடியில் பொற்புதையல் கிடக்கிறது. இடம் தெரியாதவர்கள் அதன் மேலேயே போய்வருகிறார்கள், கண்டடைவதில்லை. அப்படித்தான் உயிர்கள் தினமும் தூக்கத்தில் பிரம்மத்திடம் போய்விட்டு அறியாமல் திரும்பி வருகின்றன. கௌடபாதர் இதைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டுகிறார். தூங்குகிறவருக்கும் இரண்டு என்று எதுவும் தெரிவதில்லை, ஞானிக்கும் அப்படியே. ஆனால் தூங்குகிறவரிடம் அறியாமை விதையாக இருக்கிறது. அதனால்தான் விழித்ததும் பழைய ஆசை, பழைய பகை, பழைய பயம் எல்லாம் வரிசையாக முளைக்கின்றன. விதை இல்லாத நிலையை மாண்டூக்யம் நான்காவது என்று மட்டும் குறிக்கிறது, காரிகை அதைத் துரீயம் என்கிறது. அது தூக்கத்துக்கு அப்பால் தனியாகப் போய்ச் சேர வேண்டிய இடம் அன்று. விழிப்பு, கனவு, தூக்கம் மூன்றிலும் மாறாமல் இருப்பது எதுவோ அதுவே. பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும்போதும் அது இருக்கிறது. தூக்கத்தில் அறியாமல் கிடைக்கும் ஒன்றை விழிப்பில் அறிந்து அனுபவிப்பதே வேதாந்தி விரும்புவது. அதனால்தான் தூங்கு என்று சொல்லாமல் கேள், யோசி, அதிலேயே நில் என்று மூன்று படிகளை அந்த மரபு வகுத்தது.

கேட்பதற்கு சமஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நன்னிலத்தில் வாழ்ந்த தாண்டவராய சுவாமிகள் எழுதிய 'கைவல்ய நவநீதம்' தமிழிலேயே பிறந்த அத்வைத நூல். குருவும் சீடனும் பேசிக்கொள்வதாக அமைந்தது. தத்துவ விளக்கப் படலம், சந்தேகம் தெளிதற் படலம் என்று இரண்டு பாகங்கள். இரண்டாவதில் நாம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளைச் சீடன் கூச்சமில்லாமல் கேட்கிறான். காரைக்குடி அருகே உள்ள கோவிலூர் மடத்தில் முத்துராமலிங்க ஆண்டவர் காலத்திலிருந்து இந்த நூலும் வீரை ஆளவந்தாரின் 'ஞானவாசிட்டமும்' மற்றவையும் தமிழ் வழியாகவே பாடம் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. தொடங்குபவர்களுக்கு என் யோசனை இது: முதலில் 'நான் யார்?' படியுங்கள், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு 'கைவல்ய நவநீதத்தை' நல்ல உரையோடு, நாளுக்கு இரண்டு மூன்று பாடல்களுக்கு மேல் போகாமல் படியுங்கள். மாண்டூக்யத்தையும் காரிகையையும் அதற்குப் பிறகு, சொல்லித் தர ஒருவர் கிடைக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.